பட்டனைத் தட்டினால் போதுமா? வாள் சண்டை கேம் - ஒரு பாடம்

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்தவுடன் பிள்ளைகள் முதலில் கேட்பது கேம்ஸ்தான். அதிலும் சண்டை கேம் என்றால் தனி உற்சாகம். புதிதாக விளையாடுபவர்கள் பெரும்பாலும் கையில் கிடைக்கும் பட்டன்களை எல்லாம் வேகமாகத் தட்டுகிறார்கள். எளிய நிலையில் அதற்கே வெற்றியும் கிடைக்கிறது. எதிராளியின் நிலை ஒரு படி உயர்ந்தவுடன் தோல்விக்கு மேல் தோல்வி. "எனக்கு விரல் வேகம் பத்தாது" என்று சொல்லி ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள்.

குறை விரலில் இல்லை. எந்த அடிக்கு எது பதில் என்று தெரியாததுதான் குறை. அதைத் தெரிந்துகொண்டால், மெதுவாக விளையாடுபவர்கூட வேகமாகத் தட்டுபவரை வெல்லலாம். இந்தப் பாடத்தை நன்றாகச் சொல்லித் தரும் கேம் ஒன்றை எடுத்துக்கொண்டு, படிப்படியாகப் பார்ப்போம். அதைக் கம்ப்யூட்டரில் பாதுகாப்பாக விளையாடும் வழியையும் பின்னால் பார்க்கலாம்.

எந்த கேம்?

சோல்காலிபர்: புரோக்கன் டெஸ்டினி என்பது இதன் பெயர். ஜப்பானின் நாம்கோ பண்டாய் நிறுவனம் 2009ல் பிஎஸ்பி என்ற கையடக்க கேம் கருவிக்காக வெளியிட்டது. சோல்காலிபர் வரிசை இதற்கு முன்பே புகழ் பெற்றது. 1990களின் நடுவில் கேம் கூடங்களுக்கு வந்த சோல் எட்ஜ்தான் இதன் மூலம். 1998ல் முதல் சோல்காலிபர் வந்தது. 2008ல் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றுக்கு நான்காம் பாகம் வந்தது. அந்த நான்காம் பாகத்தின் சண்டை முறையைத்தான் சுருக்கிக் கையடக்கக் கருவிக்குள் கொண்டு வந்தார்கள்.

பிஎஸ்பி கருவியை சோனி நிறுவனம் 2004 டிசம்பரில் ஜப்பானில் அறிமுகம் செய்தது. 4.3 அங்குலத் திரை, அதில் 480க்கு 272 புள்ளிகள், அதிகபட்சம் 333 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் பிராசசர். கேம்கள் யுஎம்டி என்ற சிறிய டிஸ்க்கில் வந்தன. ஒரு டிஸ்க்கில் 1.8 ஜிபி வரை பதியலாம். 2014ல் சோனி இக்கருவிக்கு விடை கொடுத்தது. ஆகவே இன்று பழைய கருவியும் பழைய டிஸ்க்கும்தான் கிடைக்கும்.

மற்ற பல சண்டை கேம்களில் கையும் காலும்தான் ஆயுதம். இதில் ஒவ்வொருவர் கையிலும் வாள், கம்பு, சாட்டை என்று ஏதாவது ஓர் ஆயுதம் இருக்கும். ஆயுதம் வந்தவுடன் அதன் நீளமும் கணக்கில் வந்துவிடுகிறது. எந்தத் திசையில் வீசுகிறோம் என்பதும் முக்கியமாகிவிடுகிறது.

நான்கு பட்டன்கள்

பிஎஸ்பியின் வலப்பக்கம் நான்கு பட்டன்கள் உண்டு. அவற்றின் வேலை இதுதான்.

1. சதுரம்: குறுக்கு வெட்டு. ஆயுதம் இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ வீசப்படும்.

2. முக்கோணம்: நெடுக்கு வெட்டு. ஆயுதம் மேலிருந்து கீழாகவோ, கீழிருந்து மேலாகவோ நேர்கோட்டில் வரும்.

3. வட்டம்: உதை. நீளம் குறைவு, வேகம் அதிகம்.

4. பெருக்கல் குறி: தடுப்பு. அழுத்திப் பிடித்திருக்கும் வரை தடுத்துக்கொண்டே இருக்கும்.

இடப்பக்கம் உள்ள திசைப் பட்டன்கள் நகர்வதற்கு. இங்கே புதியவர்கள் பலர் குழம்பும் இடம் ஒன்று உள்ளது. கீழ்த் திசையை மட்டும் அழுத்தினால் உங்கள் வீரர் குனிய மாட்டார், பக்கவாட்டில் நகர்வார். குனிய வேண்டுமென்றால் கீழ்த் திசையுடன் தடுப்பு பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். அதேபோல மேல் திசையுடன் தடுப்பைச் சேர்த்தால் குதிப்பார். இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை ஒன்று வெல்லும் மூன்று

இனி இந்தக் கேமின் உயிர்நாடிக்கு வருவோம். நெடுக்கு வெட்டு, குறுக்கு வெட்டு, விலகல் என்ற மூன்றும் ஒரு வட்டமாக ஒன்றையொன்று வெல்கின்றன.

நெடுக்கு வெட்டு பலமானது. குறுக்கு வெட்டும் நெடுக்கு வெட்டும் ஒரே நேரத்தில் மோதினால் நெடுக்கு வெட்டுதான் வெல்லும். ஆனால் அது ஒரு கோட்டில் மட்டுமே வருகிறது. எதிராளி பக்கவாட்டில் ஓர் அடி விலகிவிட்டால் வாள் வெறும் காற்றை வெட்டும். அந்த நேரத்தில் உங்கள் விலாப்புறம் திறந்து கிடக்கும்.

அப்படி விலகுகிறவரைப் பிடிப்பதற்குத்தான் குறுக்கு வெட்டு. அது அகலமாக வருவதால் விலகினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சுருக்கமாகச் சொன்னால் இப்படி:

நெடுக்கு வெட்டு குறுக்கு வெட்டை வெல்லும். குறுக்கு வெட்டு விலகுபவரை வெல்லும். விலகல் நெடுக்கு வெட்டை வெல்லும்.

பட்டனைக் கண்டபடி தட்டுபவர் ஏன் தோற்கிறார் என்பது இப்போது புரிந்திருக்கும். எதிராளி விலகிக்கொண்டே இருக்கும்போது அவர் நெடுக்காக வெட்டுகிறார். எதிராளி நெடுக்காக வெட்டும்போது குறுக்கே வீசுகிறார். கேள்வி என்னவென்று பார்க்காமல் பதில் எழுதினால் மதிப்பெண் எப்படிக் கிடைக்கும்?

மேல், நடு, கீழ்

அடி எந்த உயரத்தில் வருகிறது என்பது அடுத்த கணக்கு. நின்றுகொண்டு தடுத்தால் மேல் அடியும் நடு அடியும் நிற்கும். காலுக்கு வரும் அடி உள்ளே புகுந்துவிடும். குனிந்து தடுத்தால் கால் அடி நிற்கும். மேல் அடி தலைக்கு மேலே பறந்து போய்விடும். ஆனால் நடு அடி சரியாக விழும்.

அப்படியென்றால் நிற்பதா, குனிவதா? சந்தேகம் இருந்தால் நின்று தடுங்கள். நடு அடிகள் பொதுவாகக் கூடுதல் சேதம் செய்யும். கால் அடிகள் பெரும்பாலும் குறைந்த சேதம் செய்யும். இல்லையென்றால் மெதுவாக வரும், பார்த்துக் குனிய நேரம் இருக்கும். சிறிய அடி ஒன்றை வாங்கினாலும் பரவாயில்லை, பெரிய அடியை வாங்கக் கூடாது என்பதுதான் கணக்கு.

தடுத்துக்கொண்டே இருந்தால் ஜெயிக்கலாமா?

முடியாது. ஒரு மூலையில் பதுங்கித் தடுத்துக்கொண்டே இருப்பவரைத் தண்டிக்க இந்தக் கேமில் இரண்டு வழிகள் வைத்திருக்கிறார்கள்.

முதலாவது, பிடி. சதுரத்தையோ முக்கோணத்தையோ தடுப்பு பட்டனுடன் சேர்த்து அழுத்தினால் எதிராளியைப் பிடித்து வீசலாம். தடுப்பு இதற்கு எடுபடாது. பிடிக்கு வருபவரிடமிருந்து குனிந்து தப்பலாம். பிடிபட்ட கணத்தில் சதுரத்தையோ முக்கோணத்தையோ அழுத்தியும் விடுபடலாம். ஆனால் அவர் எந்தப் பட்டனால் பிடித்தாரோ அதே பட்டனாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, சோல் கேஜ். உயிர் அளவைக் காட்டும் பட்டைக்கு அருகில் ஓர் ஒளிக்குமிழ் இருக்கும். நீங்கள் அடிகளைத் தடுக்கத் தடுக்க அதன் நிறம் மாறிக்கொண்டே வந்து, கடைசியில் சிவப்பாக மின்னும். அப்போதும் தடுத்துக்கொண்டிருந்தால் ஒரு பலமான அடியில் உங்கள் தடுப்பு உடைந்துபோகும். அந்த நொடியில் எதிராளி நான்கு பட்டன்களையும் ஒன்றாக அழுத்தினால் அந்தச் சுற்றே முடிந்துவிடும். இதற்கு கிரிட்டிக்கல் பினிஷ் என்று பெயர்.

அதனால் தடுப்பு என்பது ஒளிந்துகொள்ளும் இடம் அல்ல. எதிராளி என்ன செய்கிறார் என்று பார்ப்பதற்குக் கிடைக்கும் அவகாசம். அவருடைய வெட்டைத் தடுத்தவுடன் அவர் கை மீண்டும் தயாராகச் சிறிது நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் நீங்கள் அடிக்க வேண்டும்.

இதில் தேர்ந்தவர்கள் இன்னொன்றும் செய்வார்கள். அடி வந்து விழும் நேரத்தில் எதிராளி இருக்கும் திசையுடன் தடுப்பைச் சேர்த்து அழுத்தினால் அவருடைய ஆயுதம் தட்டிவிடப்படும்; அவர் தடுமாறுவார். கார்ட் இம்பாக்ட் என்பது இதன் பெயர். நேரம் தவறினால் அடி நமக்குத்தான் விழும். ஆகவே முதல் வாரம் இதைத் தொட வேண்டாம்.

தூரமும் விளிம்பும்

திசைப் பட்டனை அழுத்திப் பிடித்தால் வீரர் எட்டுத் திசையிலும் நடப்பார். அருகில் போவதும் விலகி வருவதும் சுற்றி வருவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. சண்டை பல சமயம் பட்டனில் அல்ல, இந்த நடையில்தான் முடிவாகிறது.

கிலிக் என்ற வீரரிடம் நீண்ட கம்பு உள்ளது. டாகி என்ற பெண் வீராங்கனையிடம் இரண்டு குட்டைக் கத்திகள் உள்ளன. இருவரும் மோதும்போது கிலிக் நான்கு அடி தள்ளி நின்றால் அவருக்குக் கொண்டாட்டம். டாகியின் கத்தி எட்டாது. டாகி ஒட்டி வந்துவிட்டால் கிலிக்கின் கம்புக்கு வேலை குறைந்துவிடும். என் ஆயுதம் எட்ட வேண்டும், அவருடையது எட்டக் கூடாது. அந்த இடத்தைத் தேடி நில்லுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சண்டை நடக்கும் மேடைக்குப் பல இடங்களில் சுவர் இருக்காது. விளிம்பில் நிற்கும்போது அடி வாங்கி வெளியே விழுந்தால், உயிர்ப் பட்டை முழுதாக இருந்தாலும் சுற்று போய்விடும். உங்கள் முதுகுக்குப் பின்னால் விளிம்பு வந்துவிட்டதா என்று அடிக்கடி பாருங்கள். வந்துவிட்டால் அடிப்பதை விட்டுவிட்டு முதலில் சுற்றி நடந்து நடுவுக்கு வாருங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

தொடக்கத்தில் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவருடனேயே இருங்கள். கட்டானா என்ற ஜப்பானிய வாளுடன் வரும் மிட்சுருகி நல்ல தேர்வு. நெடுக்கு, குறுக்கு இரண்டும் தெளிவாகத் தெரியும். வாளின் நீளமும் நடுத்தரம். குட்டை வாளும் கேடயமும் வைத்திருக்கும் சோபிடியாவும் பழக எளிது. கம்பு வைத்திருக்கும் கிலிக்கை எடுத்தால் தூரம் பழகலாம்.

ஐவியின் வாள் துண்டு துண்டாகப் பிரிந்து சாட்டையாக நீளும். பார்க்க அழகு, பழகக் கடினம். காட் ஆப் வார் கேமின் நாயகன் கிராட்டோசும் இதில் விருந்தாளியாக வருகிறார். சங்கிலியில் கோத்த அவருடைய இரட்டைக் கத்திகள் பலரை இழுக்கும். இவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒருவர் வோல்டோ. இத்தாலிக்காரராகக் காட்டப்படும் இவருடைய இரண்டு கைகளிலும் இருப்பது கட்டாரி. குறுக்குக் கைப்பிடியைப் பிடித்து முஷ்டியால் குத்துவதுபோலக் குத்தும் இந்த ஆயுதம் இந்தியாவில் பிறந்தது. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்த வேலைப்பாடு மிக்க கட்டாரிகள் உலகப் புகழ் பெற்றவை. கேமில் வோல்டோவின் கட்டாரிகளுக்கு மனஸ், ஆயுஸ் என்று சமஸ்கிருதப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். ஆயுதம் குட்டை என்பதால் ஒட்டி நின்று சண்டையிட வேண்டியவர் இவர்.

கம்ப்யூட்டரில் விளையாட

பிஎஸ்பி கருவி இல்லாதவர்களுக்கு பிபிஎஸ்எஸ்பிபி என்ற இலவச ப்ரோகிராம் உதவும். 2012ல் வெளிவந்த இது எமுலேட்டர் வகையைச் சேர்ந்தது. அதாவது உங்கள் கம்ப்யூட்டரைப் பிஎஸ்பி போல நடிக்க வைக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டு போனிலும் இயங்கும். புதிய கம்ப்யூட்டர்களுக்கு இது பெரிய சுமை அல்ல.

இந்த ப்ரோகிராமுடன் கேம் எதுவும் வராது. கேமை உங்களிடம் உள்ள டிஸ்க்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். மாற்று பர்ம்வேர் பதிந்த பிஎஸ்பியில் டிஸ்க்கைப் போட்டு, யுஎஸ்பி டிவைஸ் என்ற இடத்தில் யுஎம்டி டிஸ்க் என்று அமைத்து, கேபிளால் கம்ப்யூட்டருடன் இணைத்தால், ஒரு ஐஎஸ்ஓ பைல் தெரியும். அதை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்துகொள்ளுங்கள்.

பின்னர் செய்ய வேண்டியவை:

1. பிபிஎஸ்எஸ்பிபி ப்ரோகிராமை அதன் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள்.

2. ப்ரோகிராமைத் திறந்து, ஐஎஸ்ஓ பைல் உள்ள போல்டருக்குச் சென்று, கேமின் படத்தில் கிளிக் செய்திடுங்கள்.

3. படம் மங்கலாகத் தெரிந்தால் செட்டிங்ஸ், கிராபிக்ஸ் பகுதியில் ரெண்டரிங் ரெசல்யூஷனை 2 மடங்காக மாற்றுங்கள். கேம் தடுமாறினால் மீண்டும் 1 மடங்குக்கு வந்துவிடுங்கள். இந்தக் கேமில் அழகைவிடத் தடங்கல் இல்லாத ஓட்டம் முக்கியம்.

4. பின்னணியில் ஓடும் மற்ற ப்ரோகிராம்களை மூடிவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இலவசமாகக் கேம் தருவதாகச் சொல்லும் தளங்கள் இண்டர்நெட்டில் நிறைய உள்ளன. அப்படி எடுப்பது காப்புரிமைச் சட்டத்திற்கு எதிரானது. அதோடு புதுக் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் நுழையும் வழியும் அதுதான். இரண்டு அடையாளங்களை வைத்துப் போலியைக் கண்டுபிடிக்கலாம். பிஎஸ்பி கேம் ஒருபோதும் இஎக்ஸ்இ பைலாக வராது. இன்ஸ்டால் செய்யச் சொன்னால் அது கேம் அல்ல. அடுத்து, பிபிஎஸ்எஸ்பிபிக்குத் தனியாக பயாஸ் பைல் எதுவும் தேவையில்லை. "முதலில் பயாஸ் டவுன்லோட் செய்யுங்கள்" என்று எந்தத் தளமாவது கேட்டால் உடனே அதை மூடிவிடுங்கள்.

கீபோர்டை ஒரு முறை சோதியுங்கள்

இந்த ப்ரோகிராமில் கீபோர்டின் அம்புக்குறிகள் திசைப் பட்டன்களாக வேலை செய்யும். ஏ என்ற எழுத்து சதுரம், எஸ் முக்கோணம், எக்ஸ் வட்டம், இசட் பெருக்கல் குறி. ஸ்பேஸ் பார் ஸ்டார்ட் பட்டன். வேண்டுமானால் செட்டிங்ஸில் கண்ட்ரோல்ஸ் பகுதிக்குச் சென்று மாற்றிக்கொள்ளலாம்.

விலை குறைந்த கீபோர்டுகளில் ஒரு சிக்கல் உண்டு. மூன்று நான்கு கீகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் சில கீகள் பதியாமல் போகும். பிடிக்கு இரண்டு பட்டன், கிரிட்டிக்கல் பினிஷுக்கு நான்கு பட்டன் தேவைப்படும் கேமில் இது பெரிய தொல்லை. நோட்பேடைத் திறந்து இந்த நான்கு எழுத்துகளையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். நான்கும் திரையில் வந்தால் கீபோர்டு போதும். ஏதாவது விடுபட்டால் வேறு கீகளுக்கு மாற்றிப் பாருங்கள், அல்லது ஒயருடன் கூடிய ஒரு கேம்பேட் வாங்குங்கள். நீங்கள் சரியாக அழுத்தியும் கீபோர்டு ஏமாற்றினால் அதை உங்கள் தோல்வி என்று எண்ணக் கூடாதல்லவா?

ஒரு வாரப் பயிற்சி

தினமும் அரை மணி நேரம் போதும்.

முதல் நாள்: ட்ரெயினிங் பகுதியில் நின்று தடுத்தல், குனிந்து தடுத்தல், பக்கவாட்டில் விலகுதல் மட்டும் செய்யுங்கள். அடிக்கவே வேண்டாம்.

இரண்டாம் நாள்: உங்கள் வீரரின் ஒரு நெடுக்கு வெட்டு, ஒரு குறுக்கு வெட்டு, ஒரு கால் அடி ஆகிய மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அவை எவ்வளவு தூரம் எட்டும் என்று பாருங்கள்.

மூன்றாம், நான்காம் நாள்: காண்ட்லெட் பகுதிக்குப் போங்கள். நகைச்சுவைக் கதையாக ஓடும் இதில், இந்த அடியைத் தடு, அந்த அடியிலிருந்து விலகு என்று சிறு சிறு வேலைகள் தருவார்கள். புதியவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ஐந்தாம் நாள்: குவிக் மேட்ச். ஒரே விதி: எதிராளியின் அடியைத் தடுத்த பிறகுதான் நீங்கள் அடிக்க வேண்டும். முதலில் தோற்பீர்கள். தோற்றாலும் விதியை விடாதீர்கள்.

ஆறாம் நாள்: தடுத்தே நிற்கும் எதிராளியைப் பிடித்து வீசப் பழகுங்கள்.

ஏழாம் நாள்: வீட்டில் இன்னொருவருக்கு, அந்த மூன்று வெட்டு விதியைச் சொல்லிக் கொடுங்கள். சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கே முழுதாகப் புரியும்.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். "கடைசியாக என்னை வீழ்த்திய அடி எது? குறுக்கா, நெடுக்கா, காலுக்கா, பிடியா?" பதில் சொல்ல முடிந்தால் அன்றைய பயிற்சி வீணாகவில்லை. சொல்ல முடியவில்லை என்றால் நீங்கள் எதிராளியைப் பார்க்கவில்லை, உங்கள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

பெற்றோர்களுக்கு

அமெரிக்கத் தர நிர்ணய முறையில் இந்தக் கேம் டீன் வகை, அதாவது 13 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு உரியது. சில பாத்திரங்களின் உடைகளும் அந்த வயதை மனதில் வைத்தவை. அதைவிடச் சிறியவர்கள் இருந்தால் நீங்கள் உடன் அமர்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள். 13 வயது கடந்த அண்ணன் தம்பி இருவர் விளையாடும் வீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். எப்போதும் தோற்கும் தம்பிக்கு வேகமாகத் தட்டச் சொல்லி யோசனை சொல்லாதீர்கள். "அண்ணன் எந்த வெட்டை அதிகமாகப் போடுகிறான் என்று எண்ணிப் பார்" என்று சொல்லுங்கள். நெடுக்கு என்றால் விலகட்டும், மேல் குறுக்கு என்றால் குனியட்டும். அடுத்த ஞாயிறு முடிவு மாறலாம்.

இங்கே கற்றது இந்த ஒரு கேமோடு முடிவதில்லை. 2018ல் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கும் வந்த சோல்காலிபர் 6லும் இதே நெடுக்கு, குறுக்கு, விலகல் விதிதான். பட்டன்கள் மாறலாம், படம் அழகாகலாம். முதலில் பார், பிறகு அடி என்ற பாடம் மாறாது.